கீழ் வீடு ஒத்திக்கு

ஜூன் 5, புதன்

அம்மா பெருமாள் கோயிலுக்குப் போய்வரும் நாள். பள்ளி நூலகத்தைப் பூட்டிவிட்டு நான் வீடு திரும்பியபோது மாடிப்படிக் கைப்பிடியில் மஞ்சள் பை தொங்கியது. உள்ளே வாழையிலைப் பொட்டலம். பிரசாதக் கடைப் புளியோதரை. நின்றபடியே பாதியைத் தின்றுவிட்டேன்.

"இந்தப் பதம் எனக்கு வரவே மாட்டேங்குதும்மா. மடப்பள்ளிக் கைன்னா தனிதான்" என்று கீழே குரல் கொடுத்தேன். அம்மா சிரித்த மாதிரி இருந்தது.

சாப்பாட்டுக் கேரியரை எடுக்கக் கீழே போனபோது சொன்னாள். "கீழ் வீட்டை ஒத்திக்கு விடலாம்னு இருக்கேன், லோசனி."

டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக உட்கார்ந்து அம்மா சம்பாதித்துக் கட்டிய வீடு இது. பத்திரம் அவள் பெயரில். அப்பா போன பிறகு கீழே அவள், மாடியில் நானும் என் கணவர் தனசேகரும். மகள் நிலா கோவையில் ஹாஸ்டலுக்குப் போய்விட்டதால் அவள் அறை சும்மா கிடக்கிறது. ஒத்திக்கு விட்டால் பெரிய தொகை ஒன்று மொத்தமாகக் கைக்கு வரும். குடிவருகிறவர்கள் மூன்று வருஷம் வாடகை தர மாட்டார்கள். போகும்போது வாங்கியதை அப்படியே திருப்பிக் கொடுக்க வேண்டும். அம்மாவுக்குப் பென்ஷன் வருகிறது, மருந்து நான் வாங்குகிறேன், சாப்பாடு மாடியிலிருந்து இறங்குகிறது. எதற்கு மொத்தப் பணம்?

"எதுக்கும்மா இப்ப?"

"ஒரு வீடு விலைக்கு வருது."

"யாருக்கு?"

"மொதல்ல ஒத்திக்கு ஆளு வரட்டும். பெறகு பேசிக்கலாம்" என்று டிவியைப் போட்டாள்.

யாருக்கென்று எனக்குத் தெரியாதா? ஓசூரில் தங்கை சுபத்ரா இன்னும் வாடகை வீட்டில்தான் இருக்கிறாள்.

ஜூன் 8

நிலாவின் அறையை ஒழித்தேன். கட்டிலை ஜன்னலை விட்டுத் தள்ளிப் போட்டிருக்கிறேன், அம்மாவுக்குக் காற்று ஆகாது. குளியலறைச் சுவரில் பிடித்துக்கொள்ளக் கம்பி வைக்க ஆள் சொல்லியிருக்கிறேன். கீழ் வீடு போனால் அவள் மேலே வந்துதானே ஆக வேண்டும்.

பணம் சுபத்ராவுக்குப் போகட்டும். அம்மா எனக்கு. இப்படி எழுதிப் பார்த்தால் நியாயமாகத்தான் தெரிகிறது. ஆனால் மதியம் முழுவதும் நெஞ்சில் ஒரு புளிப்பு. அவள் கேட்காமலே கிடைக்கிறது அவளுக்கு. எப்போதுமே அப்படித்தான். எனக்கு மாலைக் கல்லூரி, அவளுக்கு ஹாஸ்டலோடு இன்ஜினியரிங். எனக்கு அம்மாவின் பழைய வளையலை அழித்துச் செய்த நகை, அவளுக்குக் கடையில் உட்கார்ந்து பொறுக்கிய நகை. வருஷத்தில் இரண்டு தடவை வருவாள். வந்தால் அம்மா அவள் தலையை மடியில் போட்டுக்கொள்வாள். தினமும் எதிரில் நிற்கிறவள் தலையை யார் மடியில் போட்டுக்கொள்கிறார்கள்?

ஜூன் 9

தரகர் ஓர் இளம் தம்பதியைக் கூட்டிவந்தார். அந்தப் பெண் நேராகச் சமையலறைக்குப் போய்த் திகைத்து நின்றாள்.

"மேடையில அடுப்பே இல்லையே. இங்க யாரும் சமைக்கிறதில்லையா?"

"இங்குட்டு எல்லாம் மேல இருந்து எறங்கும் தாயி" என்றாள் அம்மா. "சன்னிதிப் பிரசாதம் மாதிரி. உப்பு, காரம் எதுவும் கேக்கப்படாது. குடுத்தத வாங்கிக் கண்ணுல ஒத்திக்கணும்."

தரகர் சத்தமாகச் சிரித்தார். நானும் சிரித்தேன்.

நான்கு வருஷத்துக்கு முன் ஒரு நாள், அம்மா அடுப்பில் பாலை வைத்துவிட்டு, தன்னோடு எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்த திண்டுக்கல் பிலோமி ஆன்ட்டியோடு போனில் பேசிக்கொண்டே உட்கார்ந்துவிட்டாள். பால் பொங்கி வழிந்து, பாத்திரம் கருகி, புகை மாடிக்கு வந்தது. மறுநாளே அடுப்பையும் சிலிண்டரையும் மேலே ஏற்றிவிட்டேன். அவள் நல்லதுக்குத்தான். அன்றிலிருந்து மூன்று வேளையும் கேரியர் இறங்குகிறது. பிரஷருக்கு ஏற்ற உப்பு, சர்க்கரை இல்லாத காபி. எந்த மகள் செய்வாள்?

ஜூன் 12, புதன்

புளியோதரை. இன்று கடலை நன்றாக வறுபட்டிருந்தது.

ஜூன் 16

கேரியரோடு கீழே போனேன். கதவு சாத்தியிருந்தது. அம்மா போனில் பேசிக்கொண்டிருந்தாள். ஒட்டுக் கேட்கவில்லை. கை நிறையப் பாத்திரம் இருந்ததால் நின்றேன்.

"ஒத்தப் படுக்கையறை போதும்டி... ஆமா, ஜன்னல் கெழக்க பாத்து இருக்குல்ல, அது போதும்... ரெண்டாவது மாடின்னா என்ன, லிப்ட் இருக்கே... ஆடி பொறக்குறதுக்குள்ள மிச்சத்தக் குடுத்துரணும். இல்லன்னா வேற ஆளுக்குப் போயிரும்னு சொல்றாரு."

குரலில் என்ன ஒரு துள்ளல். என்னோடு பேசும்போது "ம்", "சரி", "வச்சிட்டுப் போ" என்ற மூன்றுக்கு மேல் வருவதில்லை.

ஆணும் பெண்ணுமாக இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு சுபத்ரா ஒற்றைப் படுக்கையறையில் என்ன செய்யப் போகிறாள்? முதலீட்டுக்காக இருக்கலாம். அவள் வீட்டுக்காரருக்கு அந்தப் புத்தி உண்டு.

ஜூன் 20

அம்மாவைக் கண் பரிசோதனைக்குக் கூட்டிப்போனேன். திரும்பும்போது பாத்திரக்கடை வாசலில் நின்றுவிட்டாள். இரண்டு பர்னர் அடுப்பு ஒன்றின் குமிழைத் திருகிப் பார்த்தாள். திருப்பினாள், மூடினாள், மறுபடி திருப்பினாள்.

"இதுல தீ எவ்வளவு சின்னதா வைக்கலாம் தம்பி?"

பால் காய்ச்ச அடுப்பும் வாங்கிக் கொடுக்கப் போகிறாள் சின்ன மகளுக்கு. என் வீட்டு அடுப்பில் ஒரு பர்னர் ஆறு மாதமாக எரியவில்லை, அது தெரியுமா இவளுக்கு? "வெயிலு ஏறுது, வாம்மா" என்று கையைப் பிடித்து இழுத்துவந்தேன். ஆட்டோவில் ஏறிய பிறகும் அம்மா திரும்பிக் கடையையே பார்த்தாள்.

ஜூன் 23

இனித் தாங்காது என்று சுபத்ராவைக் கூப்பிட்டேன்.

"வீடு வாங்குறியாமே. ஒரு வார்த்தை சொல்லணும்னு தோணலையா?"

"எந்த வீடுக்கா?"

"நடிக்காத. அம்மா கீழ் வீட்டை ஒத்திக்கு விட்டு யாருக்குக் குடுக்கப் போகுது?"

அவள் குரல் ஏறியது. "அம்மா போன்ல ஒத்தின்னு சொன்னப்பவே நான் உனக்குன்னுல்ல நெனச்சேன்! நீதான் பக்கத்துலயே இருந்து பேசிப் பேசிக் கரைச்சுட்டேன்னு பத்து நாளா இவருகிட்டப் பொலம்பிக்கிட்டு இருக்கேன். வேணும்னா கேட்டுப் பாரு. எல்லாமே அக்காவுக்குத்தான், அம்மாவே அவளுக்குத்தான்னு..."

"என்னது, எனக்கா?"

"பெறகு யாருக்கு?"

என் மேல் அவளுக்கும் பொறாமை இருந்திருக்கிறது. கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அதை அனுபவிக்க முடியவில்லை.

ஜூன் 24

காலையில் இட்லியோடு போய்க் கேட்டுவிட்டேன்.

"எனக்குத்தான்" என்றாள் அம்மா.

"உனக்குன்னா?"

"எனக்குன்னா எனக்கு. திண்டுக்கல்ல, பிலோமி இருக்குற அப்பார்ட்மென்ட்ல. அவ வீட்டுக்கு எதுத்த வீடு. கெடைக்கிற ஒத்திப் பணம், ரிட்டயரான பணத்துல பேங்க்ல கெடக்குறது, ரெண்டும் சேத்தா சரியா வரும்."

"இங்க என்ன கொறைச்சல்? ரூமெல்லாம் ஒழிச்சு வச்சிருக்கேன்மா. பாத்ரூம்ல கம்பி வைக்கச் சொல்லியிருக்கேன்."

"அதான் பாத்தேன்" என்றாள். இட்லியைப் பிட்டாள், சட்னியைத் தொட்டாள், வைத்துவிட்டாள். "கொறையெல்லாம் ஒண்ணும் இல்ல லோசனி. நீ ராணி மாதிரிதான் வச்சிருக்க. எனக்குத்தான் வேலை இல்லாமப் போச்சு."

"மூணு வருசம் கழிச்சு ஒத்திப் பணத்த எப்படித் திருப்பிக் குடுப்ப?"

"இன்னொருத்தருக்கு ஒத்திக்கு விட்டு இவங்களுக்குக் குடுப்பேன். ஊரே அப்படித்தான் ஓடுது. அதுக்குள்ள நான் போயிட்டா, நீங்க ரெண்டு பேரும் பாத்து அடைங்க. வீடு உங்களுக்குத்தான."

மாடியேறி வந்து தனசேகரிடம் சொன்னேன். பேப்பரை மடித்து, "அப்ப நான் இனிமே வீட்டோட மாப்பிள்ளை இல்ல, ஒத்திக்காரனுக்கு மாடிவீட்டுக்காரன்" என்றார். அவருக்கு எதிலும் ஒரு சிரிப்பு.

ஜூன் 25

சாம்பாரில் உப்புப் போட மறந்துவிட்டேன். அம்மா எப்போதும்போலச் சாப்பிட்டாள். வித்தியாசம் தெரிந்ததா என்றே தெரியவில்லை.

ஜூன் 26, புதன்

புளியோதரையைப் பிரிக்கவில்லை. தனசேகர் தின்றார்.

ஜூன் 30

குடிவரப் போகிற அந்தத் தம்பதி மறுபடி வந்தார்கள். அவர்கள் பக்கத்துப் பெரியவர்களுக்கு ஒரு பயம். நாளைக்கு வாரிசுகள் தகராறு செய்யக் கூடாது, அதனால் இரண்டு மகள்களும் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட வேண்டும். போட்டால்தான் பணம். சுபத்ரா ஓசூரிலிருந்து இதற்காகவே வந்து, அம்மாவைக் கட்டிக்கொண்டு, கையெழுத்துப் போட்டுவிட்டு இரவு பஸ்ஸுக்குப் போய்விட்டாள். வீடு எனக்கு இல்லை என்றதும் அவளுக்கு மனசு ஆறிவிட்டது. எவ்வளவு சுலபம் அவளுக்கு. அவள் எதையும் இழக்கவில்லையே.

நான் "படிச்சுப் பாத்துட்டுப் போடுறேன்" என்றேன்.

"படி" என்றாள் அம்மா. "ஆடி பொறக்குறதுக்குள்ள படிச்சு முடி."

ஜூலை 3, புதன்

படிக்கவில்லை. ஒப்பந்தம் மிக்ஸிக்கு அடியில் இருக்கிறது.

பிலோமி ஆன்ட்டியைப் பற்றியே யோசிக்கிறேன். சின்ன வயதில் எக்ஸ்சேஞ்சுக்குப் போனால் அம்மாவும் அவரும் பக்கத்துப் பக்கத்து போர்டில் காதில் கருவி மாட்டி உட்கார்ந்திருப்பார்கள். ஊருக்கெல்லாம் இணைப்புக் கொடுத்துக்கொண்டே இடையிடையே ஒருவரையொருவர் பார்த்துச் சிரிப்பார்கள். அம்மா அப்படிச் சிரித்து நான் வீட்டில் பார்த்ததில்லை. நான் ஜன்னலுக்கு வெளியே பிஸ்கட்டோடு நிற்பேன்.

நாற்பத்தைந்து வயதில் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

ஜூலை 6, சனி

புத்தகக் கண்காட்சி என்று சொல்லிவிட்டுத் திண்டுக்கல் பஸ் ஏறினேன். அந்த வீட்டில் குறை கண்டுபிடிக்க வேண்டும். தண்ணீர் உப்பு, லிப்ட் ஓடாது, பக்கத்தில் டாக்டர் இல்லை, ஏதாவது ஒன்று.

லிப்ட் ஓடியது. பிலோமி ஆன்ட்டி கதவைத் திறந்து, மூக்குக்கண்ணாடியை ஏற்றிப் பார்த்தார்.

"நம்பர் ப்ளீஸ்... அட, லோசனியா! கம்ப்ளெயின்ட் புக் பண்ண வந்திருக்கியா?"

"சும்மா வந்தேன் ஆன்ட்டி."

"நீ சும்மா வர்ற ஆளா? உள்ள வா. செருப்பக் கழட்டிட்டுச் சண்டை போடு."

எதிர் வீட்டுச் சாவி அவரிடம் இருந்தது. திறந்து காட்டினார். சின்னதுதான். ஆனால் கிழக்கு ஜன்னல் வழியாகச் சமையல் மேடைமேல் வெயில் விழுந்துகொண்டிருந்தது. குழாயைத் திறந்து ஒரு வாய் குடித்துப் பார்த்தேன். நல்ல தண்ணீர்.

சாப்பிடச் சொன்னார். பருப்புத் தண்ணியும் அப்பளமும். "எனக்கு வெந்நிதான் நல்லா வைக்க வரும், கோவிச்சுக்காத. போன வருசம் ஊறுகா போடுறேன்னு பூசணம் வளத்தேன். ஒரு புதன்கெழம வந்திருந்தீன்னா உங்கம்மா கைச்சாப்பாடே..." என்றவர் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

நான் கரண்டியைக் கீழே வைத்தேன். "புதன்கெழம அம்மா கோயிலுக்குல்ல போகும்?"

"உனக்குத் தெரியாதா? கர்த்தரே." கொஞ்ச நேரம் அப்பளத்தை நொறுக்கிக்கொண்டிருந்தார். "ரெண்டு வருசமா வர்றா கண்ணு. நீ ஸ்கூலுக்குப் போனதும் பஸ் ஏறுவா, நீ வர்றதுக்குள்ள போயிருவா. வந்ததும் சேலைய இழுத்துச் சொருகிக்கிட்டு அடுப்படிக்குள்ள போயிருவா. என்னைய உள்ளயே விட மாட்டா. கொழம்பென்ன, வெஞ்சனமென்ன! ஒரு வாரத்துக்கு எனக்குப் பிரிட்ஜ்ல இருக்கும். கெளம்புறப்ப எலையில புளியோதரை மடிச்சு எடுத்துக்குவா. எம்மகளுக்குப் புளியோதரைன்னா உசுரு, ஆனா நான் பண்ணுனேன்னு சொன்னா அடுப்ப எங்க பத்தவச்சேன்னு கேப்பாம்பா."

மோர் ஊற்றினார்.

"சண்டை போடப்போறியா அவகிட்ட?"

"இல்ல ஆன்ட்டி."

பஸ்ஸில் ஜன்னலோரம் கிடைத்தது. அம்மையநாயக்கனூர் தாண்டும்வரை கோபம்தான். பொய் சொல்லியிருக்கிறாள், வாராவாரம், பெருமாள் பெயரைச் சொல்லி. அதற்குப் பிறகு வந்ததுதான் மோசம். அம்மா புளி கரைப்பதை, எள்ளை வறுத்துப் பொடிப்பதை, உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்ப்பதை, இரண்டு வருஷமாகப் பிலோமி ஆன்ட்டி பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். எனக்குக் கிடைத்தது எல்லாம் ஆறியது.

ஜூலை 7

பத்து நாளாக நான் செய்யும் எதிலும் எனக்கே ருசி தெரியவில்லை. தனசேகர் கேட்டார், "கண்காட்சியில என்ன புத்தகம் வாங்குன?" நான் தேடியது இல்லை என்று சொன்னேன்.

ஜூலை 10, புதன்

மஞ்சள் பை கைப்பிடியில் தொங்கவில்லை. அம்மாவே கையில் வைத்துக்கொண்டு படியடியில் நின்றாள். முகம் வாடியிருந்தது. திண்டுக்கல் வீட்டை விற்கிறவர் போன் பண்ணி மிச்சப் பணத்தைக் கேட்டிருக்கிறார், ஆடிக்கு இன்னும் ஒரு வாரம்தான். அதை அவள் சொல்லவில்லை, தனசேகர் சொன்னார்.

பொட்டலத்தைப் பிரித்து அவள் எதிரிலேயே தின்றேன். இன்னும் கொஞ்சம் சூடு இருப்பதுபோலத் தோன்றியது.

"இன்னைக்குப் பெருங்காயம் தூக்கலா இருக்கே."

"மடப்பள்ளியில புது ஆளாம்" என்றாள் அம்மா, சட்டென்று.

"நல்லாத்தான் இருக்கு. அந்த ஆளையே வச்சுக்கச் சொல்லு."

இலையை மடித்துப் போட்டுக் கையைக் கழுவினேன். மிக்ஸிக்கு அடியிலிருந்து ஒப்பந்தத்தை எடுத்து வந்தேன். மூலையில் தேங்காய்ச் சட்னி பட்டிருந்தது. எங்கே போட வேண்டும் என்று கேட்டேன். அம்மா விரலால் காட்டினாள். என் கையெழுத்து கோணலாகத்தான் விழுந்தது.

"படிச்சியா?" என்றாள்.

"படிச்சேன்."

ஜூலை 21

ஆடி. யாரும் எங்கும் குடிபோகாத மாதம். அம்மாவின் பீரோவை ஒழித்தோம். எனக்கு இரண்டு சேலை கொடுத்தாள். சுபத்ராவுக்கு மூன்று எடுத்து வைத்திருக்கிறாள். எண்ணவில்லை, கண்ணில் பட்டது.

ஆகஸ்ட் 22

திண்டுக்கல்லில் பால் காய்ச்சினோம். சுபத்ரா குடும்பத்தோடு வந்திருந்தாள். கதவுக்குக் கதவு எதிரே, பிலோமி ஆன்ட்டி வீட்டு வாசலிலும் அம்மா மாக்கோலம் போட்டிருந்தாள்.

மேடைமேல் அந்த இரண்டு பர்னர் அடுப்பு. நான் கையைப் பிடித்து இழுத்து வந்த அதே அடுப்பு. குங்குமம் வைத்து, புதுப் பாத்திரத்தில் பாலை ஊற்றி, அம்மா தானே பற்ற வைத்தாள். பால் ஓரத்தில் நுரைத்தது, நடுவில் குமிழ்ந்தது, மெல்ல மேலே ஏறியது. விளிம்புக்கு வந்ததும் என் கை தானாக அடுப்பை அணைக்கப் போனது.

அம்மா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"கைய எடு, லோசனி. பொங்கணும்."

பொங்கி வழிந்தது. புது மேடை முழுவதும் ஓடி, தரையில் சொட்டி, தீயில் பட்டுச் சுர்ரென்று கருகி வாசனை வந்தது. பிலோமி ஆன்ட்டி வாயில் கைவைத்துக் குலவையிட்டார். அந்த வயதில் அத்தனை சத்தம். கீழ்த்தளத்திலிருந்து யாரோ என்னமோ ஏதோ என்று எட்டிப் பார்த்தார்கள். அம்மா சிரித்தாள், எக்ஸ்சேஞ்ச் ஜன்னல் வழியாக நான் பார்த்த அதே சிரிப்பு. ஆனால் சிரித்தபோதும் என் மணிக்கட்டை விடவில்லை.

பிறகு எல்லோருக்கும் காபி போட்டாள். முதல் டம்ளர் பிலோமி ஆன்ட்டிக்கு. இரண்டாவது சுபத்ராவுக்கு. மூன்றாவதுதான் எனக்கு. சர்க்கரை அதிகம். நான் கேட்காமலே ஒன்று சொன்னாள்:

"புளியோதரை மடிச்சு வச்சிருக்கேன். போறப்ப எடுத்துக்க."

"இங்கயும் பெருமாள் கோயில் இருக்கா?"

"இருக்காரு, பக்கத்துலதான்." அடுப்பைத் துடைத்துக்கொண்டே சொன்னாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. நானும் அவளைப் பார்க்கவில்லை.

ஆகஸ்ட் 26

கீழ் வீட்டில் குடிவந்துவிட்டார்கள். காலையில் தாளிக்கும் வாசனை மேலே ஏறி வருகிறது. அந்தப் பெண் கடுகைக் கருக விடுகிறாள். மூன்று வருஷம் இப்படித்தான்.

ஆகஸ்ட் 31, சனி

அம்மா போன் செய்தாள். "நாளைக்கு வர்றியா? வந்தா மத்தியானம் சாப்ட்டுட்டுப் போ. எதையும் தூக்கிட்டு வராத, சொல்லிட்டேன்."

சரி என்றேன். கேரியரைத் தேய்த்துக் கழுவி, துடைத்து, பரண்மேல் ஏற்றிவிட்டேன். நாளை வெறுங்கையோடுதான் போகிறேன்.

எலுமிச்சை ஊறுகாய் ஒரு பாட்டில் மட்டும். ஊறுகாய் சமையலில் சேராது. பிலோமி ஆன்ட்டிக்கு ஊறுகாய் போட வராது.